டேங்கர் நின்ற இடத்தில் தரிசுப்பூ

என் வீட்டுக்காரருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்கிறேனா, பெருமையாகச் சொல்கிறேனா என்று கேட்டால், அது நாளைப் பொறுத்தது. சமையலறை டப்பாக்களை எல்லாம் உயர வாரியாக அடுக்கிவைத்து, உப்பு எது சர்க்கரை எது என்று நான் நக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கும்படி செய்தாரே, அன்றைக்குக் கேட்டிருந்தால் குறையாகத்தான் சொல்லியிருப்பேன்.

தண்ணீர் லாரி ஓட்டியவர் அவர். எங்கள் தெருவுக்குக் குழாய் வராத காலத்தில் அவர் வண்டியை விட்டால் வேறு நாதி கிடையாது. முனையில் ஹாரன் சத்தம் கேட்டால் போதும், வாளி, குடம், பழைய பெயிண்ட் டப்பா என்று கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஜனம் ஓடிவரும். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கும் நோயாளி இருக்கும் வீட்டுக்கும் முதலில் ஊற்றுவார், மற்றவர்கள் வரிசையில். யாராவது இடையில் புகுந்தால் சண்டை போட மாட்டார். வால்வை மூடிவிட்டு, ஏறி கேபினில் உட்கார்ந்துகொள்வார். புகுந்த ஆளை ஜனமே பிடித்துப் பின்னால் தள்ளிய பிறகுதான் இறங்கி வருவார்.

கடைசி நடை முடிந்து வீட்டுக்கு வரும்போது டேங்கின் அடியில் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருக்கும். வால்வுக்குக் கீழே கிடப்பதால் அது தானாக வெளியே வராது. மற்ற டிரைவர்கள் அப்படியே விட்டுவிடுவார்கள். இவர் ஒரு பக்கத்துச் சக்கரங்களைக் கல்மேல் ஏற்றி, வண்டியைச் சாய்த்து நிறுத்தி, அந்த மிச்சத்தையும் வடித்து, அன்று கிடைக்காதவர்களின் பாத்திரத்தில் ஊற்றிவிட்டுத்தான் என்னிடம் டீ கேட்பார். அதற்குள் போட்ட டீ ஆறி, நான் சூடாகி இருப்பேன்.

தெருவுக்கே அவர் டேங்கர் அண்ணன். கல்யாணமாகி வந்த வாரமே நான் டேங்கர் அண்ணி. இரண்டு பேருமே காற்றடித்தால் பறக்கிற உடம்பு. புதிதாகக் குடிவருகிறவர்கள் பெயரைக் கேட்டுவிட்டு எங்களை நேரில் பார்க்கும்போது கொஞ்சம் திகைப்பார்கள்.

பிறகு குழாய் வந்தது. வந்த அன்று தெருவே திருகித் திருகிப் பார்த்துச் சிரித்தது. டேங்கர் அண்ணனைப் பார்த்து யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நன்றி கெட்ட ஜனம் என்று வாய்விட்டே சொன்னேன். அவர், தண்ணீர் வந்தால் சரி, யார் கொண்டுவந்தால் என்ன என்று சொல்லிவிட்டு வேறு தெருக்களுக்கு ஓட்டப் போய்விட்டார். ஆனால் அன்று ராத்திரி சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டார். அவர் சோற்றை மிச்சம் வைத்து நான் பார்த்தது அபூர்வம்.

வண்டியை விட்டு அவர் இறங்கியது வயதினால் அல்ல. ஒருநாள் மத்தியானம் வண்டி இல்லாமல் நடந்து வந்தார். சட்டையெல்லாம் வியர்வை. மேம்பால வளைவில் தலை சுற்றி, ரோடு எந்தப் பக்கம் திரும்புகிறது என்றே தெரியாமல் போய்விட்டதாம். எப்படியோ ஓரம் கட்டிவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தே வந்திருக்கிறார். காதுக்குள் இருக்கும் ஏதோ ஒன்று சரியில்லை, இனிமேல் பெரிய வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவரோ முதலாளியிடம் முட்டிவலி என்று சொல்லி நின்றுகொண்டார். தலை சுற்றுகிறது என்று சொல்ல வெட்கம். முட்டிவலி என்றால் ஆண்பிள்ளைக்கு மரியாதையான வியாதி போலிருக்கிறது.

அதனால் என்ன ஆயிற்று? முட்டி சரியாகிவிட்டதா என்று முதலாளி போன் மேல் போன். சந்து பொந்தெல்லாம் தெரிந்த டிரைவர் கிடைப்பது லேசா? ஒவ்வொரு முறை போன் வரும்போதும் இவர் முகம் மலரும், நான் கைவேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நிற்பேன். அந்த வண்டி நிறைய தண்ணீரோடு, அந்த வளைவில், இந்த மனிதர்.

வீட்டில் இருக்க வைக்க நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்தார். ஒழுகாத குழாயைக் கழற்றி ஒழுக வைத்தார். அப்போதுதான் எதிர்வீட்டுத் தையல்காரம்மா ஒருநாள் கொக்கி தைத்த ஜாக்கெட்டைக் கொடுக்க வந்தவள், தன் மொட்டைமாடிப் பூசணிக் கொடியைப் பற்றிப் புலம்பினாள். பூ பூவாகப் பூக்கிறது, பிஞ்சும் தெரிகிறது, ஆனால் மஞ்சளாகிக் கொட்டிவிடுகிறது. ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவுக்குக் கொண்டுபோக ஒரு வண்டு, ஒரு தேனீ வருவதில்லை என்றாள். "தேனீயே இல்லைண்ணே இந்தத் தெருவுல" என்று அவள் சொன்னதும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தண்ணியே இல்லைண்ணே என்று அந்தக் காலத்தில் போன் வரும்போது எப்படி நிமிர்வாரோ, அதே நிமிர்வு.

மறுநாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டு நர்சரிக்குப் போனார். போய், கூச்சமே இல்லாமல், தேனீ கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். நர்சரிக்காரம்மா கையிலிருந்த ரப்பர் குழாயைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாளாம். தேனீயை விற்க முடியாது, அதற்குச் சாப்பாடு வைத்தால் தானே வரும் என்றாள். இவர் எங்கள் வீட்டு நிலத்தைப் பற்றிச் சொன்னார். சுவரை ஒட்டி நீளமாக ஒரு துண்டு, காலமெல்லாம் டேங்கர் நின்று நின்று பாறையாக இறுகிப்போனது, எண்ணெய் சொட்டியது, வெயிலுக்கு மறைப்பே கிடையாது. அதில் ரோஜா வருமா என்று கேட்டதற்கு, ரோஜா தற்கொலை செய்துகொள்ளும் என்றாள். அப்புறம் ஒரு காகிதப் பொட்டலத்தில் மிளகை விடச் சின்னதாகக் கறுப்பு விதைகளை மடித்துக் கொடுத்தாள்.

தரிசுப்பூ என்று பெயர். யாரும் நட்டது இல்லை, இந்த மண்ணிலேயே தானாக முளைத்துக் கிடந்ததுதான். காலி மனை, வாய்க்கால் கரை என்று எங்கு பார்த்தாலும் இருந்ததாம். எல்லா இடத்திலும் சிமெண்ட் பூசிய பிறகு போய்விட்டது, அதோடு அதைத் தேடி வந்த தேனீக்களும் போய்விட்டன. எரு வேண்டாம், நல்ல மண் வேண்டாம். மழைக்காலத்தில் முளைத்து வேர் விட்டதென்றால் வேர் நேராகக் கீழே இறங்கிவிடும். அதற்குமேல் எவ்வளவு காய்ந்தாலும் தாங்கும். மழை நின்ற பிறகு தண்ணீர் ஊற்றினால்தான் வேர் அழுகிச் செத்துப்போகும். "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் சார், தண்ணி ஊத்தாம இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டு, சார் என்ன வேலை பார்த்தீங்க என்று விசாரித்திருக்கிறாள். இவர் சொன்னார். அவள் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தாளாம்.

அவள் சிரித்தது சரிதான். கடப்பாரை போட்டு அந்தப் பாறையைக் கீறி, விதை தூவி, மழையில் முளைத்து, விரல் உயரம் வந்தது. மழை நின்றது. இவருக்குப் பொறுக்கவில்லை. காலையில் ஒரு குவளை. அதை நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், பல் தேய்த்த தண்ணீரைத் துப்புவது போல ஒரு வாய். அப்புறம் மத்தியானம் நான் கண் அசரும் நேரத்தில் ஒரு வாளி. உயிருள்ளது எதுவும் தண்ணீர் கேட்காமல் இருக்குமா என்று என்னிடம் தர்க்கம் வேறு. ஆயுசு முழுக்கத் தாகத்துக்கு ஓடிய மனிதருக்கு வேண்டாம் என்கிற செடியை நம்ப முடியவில்லை. எல்லாம் அழுகி மண்ணோடு மண்ணாகப் போயின.

அன்று முதலாளியின் போனை இவரே எடுத்துப் பேசப் போனார். நான் போனைப் பிடுங்கிக்கொண்டேன். கல்யாணமான நாள் முதல் போடாத சண்டை அன்று போட்டோம். கடைசியில் அவர் சொன்னார்.

"இன்னொரு தடவை போட்டுப் பார்க்கறேன். பூத்துச்சுன்னா வீட்டோட இருந்துடறேன். இதுவும் பட்டுப்போச்சுன்னா மொதலாளிகிட்ட சாவிய வாங்கிடுவேன். அப்புறம் நீ குறுக்க நிக்கக்கூடாது."

"டாக்டர் சொன்னது?"

"டாக்டருக்கு ஆயிரம் வேலை இருக்கு. எனக்கு ஒரு வேலையாவது இருக்க வேணாமா?"

சரி என்றேன். அன்றிலிருந்து, செடி கொடி என்றாலே பூச்சி வரும் என்று முகம் சுளிக்கும் நான், ஒரு களைச்செடி பூக்க வேண்டுமே என்று சாமியை வேண்ட ஆரம்பித்தேன்.

அடுத்த மழைக்கு முன்னால் மறுபடி விதை வாங்கி வந்தார். நர்சரிக்காரம்மா திட்டிவிட்டுத்தான் கொடுத்தாளாம். இந்த முறை மனிதர் தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொண்டார். செடியைப் பார்க்கப் போகும்போது இரண்டு கையையும் பின்னால் கோத்துக்கொள்வார். முற்றத்துக் குழாயின் திருகைக் கழற்றி என்னிடமே கொடுத்துவிட்டார். மழை நின்ற பிறகும் செடிகள் முழங்கால் உயரத்துக்கு வந்தன. சாம்பல் பச்சை இலை, தொட்டால் பூனைக்காது போல மெத்தென்று இருக்கும். அந்தச் செடிக்கு ஒரு பழக்கம் உண்டு. வெயில் ஏறினால் இலையெல்லாம் மடங்கித் தொங்கிவிடும். பார்த்தால் இன்றோடு கதை முடிந்தது என்றே தோன்றும். சாயங்காலம் ஒன்றுமே நடக்காதது மாதிரி நிமிர்ந்து நிற்கும். வெயிலில் தண்ணீரைச் சேமிக்க அது அப்படிச் செய்கிறது என்று நர்சரிக்காரம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். எங்களுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியாது. தெருவுக்குச் சொல்ல வேண்டும் என்று எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லை.

கோடை உச்சத்தில் நுனியில் மொட்டு கட்டியது. சரியாக அப்போது பார்த்து, ஊரில் இருக்கும் என் மூத்தார், இவருடைய அண்ணன், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன், ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஆண் துணை வேண்டும். இவர் பையைத் தூக்கினார். வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்து, ஒரு சொட்டுகூட ஊற்றாதே என்றார். உங்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற அளவுக்கு எனக்கு இரக்கம் கிடையாது, நிம்மதியாகப் போய் வாருங்கள் என்றேன்.

சொன்ன சொல் தவறவில்லை. வெயிலில் இலை தொங்கும்போது ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். பார்த்தால் எனக்கே மனசு கேட்காது. ஆனால் கொஞ்ச நாளில் மண் நிறம் மாறியிருப்பதைக் கண்டேன். காலையில் தொட்டால் ஈரம். பனி என்று முதலில் நினைத்தேன். இந்தக் கோடையில் எங்கிருந்து பனி? அடியில் போகும் குழாய் கசிகிறது என்று பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் காதை வைத்துக் கேட்டு, தட்டிப் பார்த்து, குழாய் கல் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். டேங்கரின் சக்கரங்கள் பதிந்த இரண்டு பள்ளத் தடங்களிலும் செடிகள் மஞ்சளாயின. ஒன்றைப் பிடித்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்து, ஊறி, நாற்றமெடுத்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் கண் முன்னால் செடி தெரியவில்லை. அந்த மேம்பாலம்தான் தெரிந்தது. சாயங்காலம் அவர் போனில் செடி எப்படி இருக்கிறது என்று கேட்டார். இருக்கிறது என்றேன். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்றார். சளி என்றேன்.

மறுநாள் விடியும்போதே எழுந்து விளக்கைப் போடாமல் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எவன் என்று பார்த்துவிடுவது, பார்த்தால் தோலை உரித்துவிடுவது என்ற முடிவு. முதலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தையல்காரம்மா இடமும் வலமும் பார்த்துக்கொண்டு, ஒரு குவளையோடு ரோட்டைக் கடந்து வந்து, செடியடியில் ஊற்றிவிட்டு ஓடினாள். இவளா என்று நான் எழுவதற்குள் இஸ்திரிக்காரர் வந்தார். துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற அந்த பாட்டிலால் இலை இலையாகத் தெளித்தார், சட்டைக் காலருக்குத் தெளிக்கிற அதே பக்குவத்தோடு. மாடிவீட்டு டீச்சர் வந்து, பாத்தி ஓரத்துச் செங்கலுக்குப் பின்னால் கைவிட்டு எதையோ எடுத்தாள். பார்த்தால் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். மூடியில் ஓட்டை போட்டு, தலைகீழாகச் சொருகி, ராப்பகலாகச் சொட்ட விட்டிருக்கிறாள் மகராசி. அதை நிரப்பிச் சொருகிவிட்டுப் போனாள். ஒருவர் வந்தது இன்னொருவருக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் நாம் மட்டும்தான் ஊற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஊற்றியிருக்கிறார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. கதவைத் திறந்துகொண்டு வெளியே பாய்ந்தேன். அங்கே கடைசி வீட்டுப் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரம்மா படுத்த படுக்கையாகக் கிடந்து போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. பெரியவரும் இப்போது குச்சி ஊன்றித்தான் நடக்கிறார். ஒரு கையில் குச்சி, இன்னொரு கையில் ஒரு டம்ளர். நடந்து வந்த ஆட்டத்தில் பாதி சிந்திப்போய்க் கால் டம்ளர்தான் மிச்சம்.

"என்ன பண்றீங்க?" என்று கத்தினேன். என் சத்தத்துக்கு மற்ற கதவுகளும் திறந்தன.

அவர் பதறவில்லை. "செடி வாடுதும்மா. டேங்கர் ஊர்ல இல்லை" என்றார். பிறகு, "எங்க வீட்டுக்குத்தாம்மா அவர் மொதல்ல ஊத்துவாரு. அவ இருந்த வரைக்கும், ஒருநாள்கூடத் தவறினதில்லை" என்றார்.

தையல்காரம்மா அவள் வாசலில் வெறும் குவளையோடு நின்றாள். இஸ்திரிக்காரர் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் செத்துவிடும் என்று நான் சொன்னபோது யாரும் நம்பவில்லை. நான் அழுகிய வேரை எடுத்துக் காட்டினேன். டீச்சர் வந்து செங்கலுக்குப் பின்னாலிருந்த பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு போனாள். பெரியவர் மட்டும் டம்ளரில் இருந்த தண்ணீரை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

என் வீட்டுக்காரர் ஊரிலிருந்து திரும்பும் நாள் வந்தது. குழாய் கசிந்தது என்று சொல்லலாமா, எலி கடித்தது என்று சொல்லலாமா என்று நான் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். மனிதர் வீட்டுக்குள் வரவே இல்லை. பையோடு நேராக அங்கே போய்க் குந்தி உட்கார்ந்தார். இரண்டு தடங்களிலும் செடிகள் படுத்துக் கிடந்தன. ஒன்றைப் பிடுங்கி வேரை மூக்கருகில் வைத்துப் பார்த்தார்.

"தண்ணி" என்றார். "நீயா ஊத்துன?"

"நான் இல்லீங்க."

"பின்ன யாரு?"

பொய் வாய் வரை வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல மனசு வரவில்லை. "தெருவே ஊத்துச்சு" என்றேன்.

ஒன்று விடாமல் சொன்னேன். தையல்காரம்மா என்றதும் தலையாட்டினார். இஸ்திரிக்காரர் தெளித்த அழகைச் சொன்னதும் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. டீச்சரின் பாட்டிலைப் பார்க்க வேண்டும் என்றார். கடைசி வீட்டுப் பெரியவரைச் சொன்னதும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவரா? அவரால நடக்கவே முடியாதே."

"ஒரு கையில குச்சி, ஒரு கையில டம்ளர்."

கையிலிருந்த வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார், "கொழாய் வந்த அன்னிக்கே என்னை மறந்துட்டாங்கன்னு நெனைச்சேன்."

அவ்வளவுதான். முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகிய வேரைப் பிடித்த கையாலேயே துடைத்துக்கொண்டார். அந்த நாற்றத்தைக் கையால் முகமெல்லாம் பூசிக்கொள்கிறீர்களே, எழுந்து வந்து சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று திட்டினேன். திட்டாவிட்டால் நானும் அழுதிருப்பேன். அன்று சாப்பாட்டில் அவர் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

செடி முழுக்கப் போய்விடவில்லை. ஊற்றின தண்ணீரெல்லாம் சக்கரத் தடங்களில்தான் ஓடித் தேங்கியிருந்தது. இரண்டு தடத்துக்கும் நடுவே, வண்டியின் வயிற்றுக்கு அடியில் இருந்த மேடு அப்படியே நின்றது. அங்கிருந்த செடிகள் ஒன்றுகூடச் சாகவில்லை. மறுநாள் காலையில் இவர் தெருவைக் கூப்பிட்டு நிறுத்தி, அந்தக் காலத்தில் வரிசையில் நிற்க வைத்துத் திட்டுவது போல ஒரு பாட்டம் திட்டினார். இலை தொங்கினால் அது தூங்குகிறது என்று அர்த்தம், எழுப்பாதீர்கள் என்றார். தெரு சந்தோஷமாகத் திட்டு வாங்கிக்கொண்டது.

அதற்கப்புறம் அதிக நாள் ஆகவில்லை. ஒருநாள் காலை கதவைத் திறந்தால் மேடு முழுக்க ஊதா. குன்றிமணி அளவில் சின்னச் சின்னப் பூ, கொத்துக் கொத்தாக. டேங்கர் நின்ற நீளத்துக்கு, அதன் அகலத்தில் பாதிக்கு, ஒரே ஊதா. வெயில் ஏறும் முன்னால் முதல் தேனீ வந்தது. இவர் என்னைக் கூப்பிட்ட கூப்பாட்டுக்கு நான் மறுபடி தலை சுற்றிவிட்டதோ என்று அடுப்பை விட்டு ஓடினேன். ஒன்று இரண்டாகி, பிறகு எண்ண முடியவில்லை. கறுத்த பெரிய வண்டு ஒன்று வந்து உட்கார, பூங்கொத்து அதன் கனத்தில் சாய்ந்து தரையைத் தொட்டது. பூச்சி என்றால் முகம் சுளிக்கிற நான் காலை டிபனைக் கருக விட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தையல்காரம்மாவின் கொடியிலும் அந்த மாதமே பிஞ்சு தங்கியது. அவள் மாடியிலிருந்தே கத்திச் சொன்னாள். இவர் ஒன்றும் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் லோடு இறக்கிவிட்டு வருவாரே ஒரு நடை, அந்த நடையில் வீட்டுக்குள் வந்தார்.

பாதி செத்து பாதி பூத்தால் பந்தயம் யார் பக்கம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். அவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பூவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு காலையிலிருந்து அங்கேயே இருந்தார். அவர் மனசில் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் நான் உள்ளுக்குள் தவித்தது எனக்குத்தான் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி போனை நம்பாமல் நேரிலேயே வந்துவிட்டார். பழைய முதலாளியின் மகன், நல்ல பிள்ளைதான், மரியாதை தெரிந்தவர். அன்று அவரைப் பார்த்தபோது எனக்கு எமனைப் பார்த்த மாதிரி இருந்தது. இன்னொரு நாற்காலி போட்டு, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். அதே வண்டி, அதே சாவி, சாவியில் நான் கட்டிக்கொடுத்த சிவப்பு நூல்கூட அப்படியே இருந்தது. தெருத் தெருவாகக் காய்கிறது, புது டிரைவர்களுக்கு வழி தெரியவில்லை, காலையில் மட்டும் ஓட்டினால் போதும் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். இவர் சாவியைக் கையில் வாங்கினார். நூலைத் தடவிப் பார்த்தார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"காலையில எனக்கு வேலை இருக்கே மொதலாளி" என்றார் இவர்.

"என்னண்ணே வேலை?"

"இந்தச் செடியப் பார்த்துக்கணும்."

முதலாளி செடியைப் பார்த்தார். தண்ணீர்கூட ஊற்ற வேண்டாத செடி என்று தெருவில் சொன்னார்களே, இதில் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது என்றார்.

"அதான் வேலை. ஊத்த விடாம பார்த்துக்கணும். நான் கொஞ்சம் நகர்ந்தா இந்தத் தெரு ஊத்திடும்" என்றார். முதலாளி சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. சாவியை நாற்காலியின் கைமேல் வைத்தார். பிறகு, எனக்குக் கேட்காது என்று நினைத்தோ என்னவோ, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அப்புறம், அது முட்டிவலி இல்லை மொதலாளி. எனக்குத் தலை சுத்துது. வண்டியில ஏறினா யாரையாவது கொன்னுடுவேன்."

எத்தனை நாளாக அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். கதவு நிலையை விட்டேன். முதலிலேயே சொல்லியிருக்கலாமே அண்ணே என்று மட்டும் முதலாளி சொன்னார், குரல் மெதுவாக இருந்தது. இவருடைய தோளைத் தொட்டுவிட்டு எழுந்தார். சொம்பில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. நல்ல வெயில் நேரம். பூச்செடிகளின் இலையெல்லாம் மடங்கித் தொங்கிக்கொண்டிருந்தன. மிச்சத் தண்ணீரை யார்தான் வீணாக்குவார்கள்? போகிற போக்கில், சொம்பைச் செடிப்பக்கம் சாய்த்தார்.

"ஊத்தாதீங்க!"

இவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எதிர் ஜன்னலிலிருந்து தையல்காரம்மா, இஸ்திரித் தள்ளுவண்டியடியிலிருந்து இஸ்திரிக்காரர், மாடியிலிருந்து டீச்சர், கடைசி வீட்டு வாசலில் குச்சியைத் தூக்கிக்கொண்டு பெரியவர், எல்லாரும் ஒரே குரலில். முதலாளியின் கை அந்தரத்தில் நின்றது. என் வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வர, வயிறு குலுங்கச் சிரித்தார். முதலாளி நாலு பக்கமும் பார்த்துவிட்டு, சொம்பில் இருந்த தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் தானே குடித்தார். பிறகு நாற்காலியின் கைமேல் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு போனார்.